பிளாஸ்திரி அளவில் ஒரு மோதிரம்

தேரடித் தெருவில் சக்கரபாணி பத்தர் நகைக்கடைக்குள் நுழைவதற்கு முன்னால் ஆதிமூலம் எதிர்ச்சாரியில் நின்று ஒரு டீ குடித்தார். கடைக்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்து கொலுசு பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் கிளம்பட்டும் என்று இன்னொரு டீ குடித்தார். அவர்கள் எழுந்திருக்கும்போது வேறு யாரோ மூக்குத்தி திருகாணி தொலைந்துபோன கதையோடு உள்ளே நுழைந்தார்கள். டீக்கடைக்காரர் மூன்றாவது கிளாஸைக் கழுவ ஆரம்பித்தபோதுதான் நகைக்கடை காலியாயிற்று. ஆதிமூலம் ஒரே எட்டில் தெருவைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொந்தமாக வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, திருட வந்தவர் மாதிரி வியர்த்திருந்தார்.

"வாய்யா ஆதிமூலம்" என்றார் பத்தர். "எவனாவது சைக்கிளை எடுத்துகினு போயி, அதுக்குப் பதிலா தங்கத்தை வெச்சிட்டுப் போயிட்டானா?"

"ஒரு மோதிரம் செய்யணும் பத்தரே. பொம்பளை மோதிரம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நிச்சயதார்த்தத்துக்கு."

பத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! அர்ஜுனனுக்கா?"

அர்ஜுனன் ஆதிமூலத்தின் ஒரே மகன். கீழ்பென்னாத்தூர் கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். கல்யாண வயசு. கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. 'இல்லை பத்தரே, எனக்குத்தான்' என்று பதில் சொல்ல வேண்டும். அதை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருந்தார். வாய் திறந்தது. பத்தரின் ஆவலான முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"ம்" என்றார்.

அந்த ஒற்றை 'ம்'மைத் திருப்பி வாங்குவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மோதிரம் ஜோதியம்மாளுக்கு. திருவண்ணாமலை சுற்று வட்டாரத்தில் ஜோதியம்மாள் என்றால் ஒருவருக்கும் தெரியாது. நர்சம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும். அடி அண்ணாமலையிலும் அதைத் தாண்டிய ஊர்களிலும் பிரசவம் பார்ப்பதும், குழந்தைகளுக்கு ஊசி போடுவதும், ஊசிக்குப் பயந்து வைக்கோல் போரில் ஒளிந்துகொள்ளும் பெரியவர்களைக் கண்டுபிடித்து இழுத்து வருவதும் அவள் வேலை. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கல்யாணமான இரண்டே வருஷத்தில் கணவனை இழந்து, நர்சு படிப்புக்குப் போனவள். நாற்பத்து நாலு வயதில் லேடீஸ் சைக்கிளை அவள் மிதித்துக்கொண்டு வந்தால் எதிரே வரும் மாட்டு வண்டிதான் ஒதுங்கும்.

அந்த சைக்கிளுக்கு அடிக்கடி செயின் கழன்று விழும். ஆதிமூலம் மாட்டிக் கொடுப்பார். அவருடைய மனைவி சந்திரம்மாள் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. செயின் மாட்டும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒருநாள் நர்சம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த செயினை லூசு பண்ணி வுடறது நீங்கதான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

ஆதிமூலத்தின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"வாரா வாரம் கழண்டு விழறதுக்கு அது இன்னா மாம்பழமா? இப்படியே எத்தனை வருஷம் மாட்டிகினு இருக்கறதா உத்தேசம்?"

கல்யாணப் பேச்சை ஆரம்பித்தது அவள்தான், முடித்ததும் அவள்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். ஒளிந்து மறைந்து ஏதாவது கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வரும் கல்யாணம் தனக்கு வேண்டாம். நாலு பேரைக் கூப்பிட்டு, தட்டு மாற்றி, நிச்சயம் பண்ண வேண்டும். மோதிரம் போட வேண்டும். அந்த மோதிரம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அவளுக்குத் தெளிவான யோசனை இருந்தது. "பொறந்த குழந்தையைத் தூக்கற கை இது. எங்கயாச்சும் ஒரு கீறல் விழுந்துச்சுன்னா கழட்டிக் கெணத்துல போட்டுடுவேன்."

அதனால்தான் பத்தர், "இப்ப புதுசா ரோஜாப்பூ டிசைன் வந்திருக்குது. நடுவுல சிவப்புக் கல்லு வெச்சா பொண்ணு மயங்கிடும்" என்று சொன்னபோது ஆதிமூலம் தலையாட்டவில்லை.

"கல்லு வேணாம். பூ வேணாம். மேடு பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது. நகத்தால தடவிப் பாத்தா எங்கயும் தட்டக் கூடாது. நாள் பூரா தண்ணியிலயும் சோப்புலயும் கெடந்தாலும் ஒண்ணும் ஆகக் கூடாது."

"யோவ், நீ கேக்கறது மோதிரமா பால்பேரிங்கா?"

"பால்பேரிங் மாதிரிதான். அவ்ளோ மழமழப்பு வேணும்."

பத்தர் பெருமூச்சு விட்டார். "எழுத்து?"

"ஜோ. அதுவும் உள்பக்கமா."

"ஜோ" என்று பத்தர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் போட்ட மிட்டாய் எந்த ருசி என்று கண்டுபிடிப்பவர் போல இருந்தது. "சரி. அளவு?"

ஆதிமூலம் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஒரு வெள்ளை வளையம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை விரலில் பசை வெளிப்பக்கமாக ஒரு சுற்று, அதன் மேல் மறுபக்கமாக ஒரு சுற்று சுற்றி, அப்படியே உருவி எடுத்த வளையம்.

"இன்னாய்யா இது, பொண்ணுக்குக் கையில அடியா?"

"இல்ல இல்ல. நூல் கட்டினா இழுபட்டுப் போயிடும், இதுதான் கரெக்டா நிக்கும்னு சொன்னாங்க."

"சொன்னாங்களா? மருமவ வூட்டுக்கு வரதுக்கு முன்னாலயே இவ்ளோ மரியாதையா!" பத்தர் வளையத்தை எடுத்து, மோதிர அளவு பார்க்கும் குச்சியில் மாட்டினார். அது இறங்கிக்கொண்டே போய்க் குச்சியின் தடித்த அடிப்பக்கத்தில் நின்றது. பிறகு தன் விரலிலேயே போட்டுப் பார்த்தார். "இது எனக்கே லொடலொடங்குதேய்யா! பொண்ணு இன்னா, கல்லு ஒடைக்குதா?"

"நல்ல உடம்பு" என்றார் ஆதிமூலம். சொல்லி முடித்த பிறகு காது மடல் வரைக்கும் சூடேறியது.

"மார்கழி முடியட்டும். தை பொறந்ததும் வந்து வாங்கிக்க. யார் கிட்டயும் மூச்சு வுடமாட்டேன்" என்றார் பத்தர்.

ஆதிமூலம் சைக்கிளை மிதித்துத் தன் கடைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி குறுக்கு வழியில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துக் கடை இராமலிங்கம், "இன்னாப்பா, எங்களுக்கெல்லாம் சொல்லக் கூடாதா?" என்று கைகுலுக்கினார். சாயந்தரம் காற்றடிக்க வந்தவர்கள் பெண் எந்த ஊர் என்று கேட்டார்கள். மறுநாள் பெண்ணுக்குக் கையில் கட்டுப் போட்டிருப்பதாகச் சேதி. அதற்கடுத்த நாள், கட்டு அவள் கையில் இல்லை, அந்தப் பெண் வேறு யாருடைய கையையோ முறித்துக் கட்டுப் போட வைத்தாள் என்று ஆனது. ஆதிமூலம் எல்லாவற்றுக்கும் 'ஹிஹி' என்றார். ஒவ்வொரு 'ஹிஹி'யும் அந்த 'ம்'முக்கு இன்னொரு ஆணி அடித்தது.

அர்ஜுனன் சொசைட்டியிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, நான் யாரைக் கட்டிக்கப் போறேன்?"

"இன்னாடா கேள்வி இது?"

"எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன். மானேஜர்ல இருந்து உர மூட்டை தூக்கறவர் வரைக்கும் கேக்கறாங்க. பேரு ஜோவாம். குஸ்தி போடுமாம். ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்கும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நானும் ரெடியா இருப்பேனில்ல?"

இதுதான் சமயம் என்று ஆதிமூலத்துக்குத் தெரிந்தது. சுவரில் சந்திரம்மாளின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "பத்தர் எதையோ தப்பாப் புரிஞ்சிகினு உளர்றாருடா. நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார். அர்ஜுனன் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மகனையாவது சமாளித்துவிட்டார். தங்கை ராஜம்மாளைச் சமாளிக்க முடியவில்லை. அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த ராஜம்மாளுக்கு ஒரே மகள், பெயர் பொன்னி. அண்ணன் மகனுக்குத்தான் அவள் என்று பொன்னி தொட்டிலில் கிடக்கும்போதே ராஜம்மாள் முடிவு செய்து வைத்திருந்தாள். செய்தி மலையைச் சுற்றிக்கொண்டு அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும், ஒரு முற்பகல் வேளையில் கடை வாசலில் வந்து நின்றாள். நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்களின் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"ஏண்ணா, பொன்னிக்குக் கண்ணு இல்லியா, காலு இல்லியா? கெட்டிக்காரின்னு ஊரே சொல்லுதே. எவளோ ஒருத்தி, ஜோவாம்! ஜோன்னா இன்னா பேரு அது? ஜோசபினா? ஜோக்கரா?"

"ராஜம்மா, சொல்றதைக் கேளு..."

"நீ சொல்லவே இல்லியே, நான் எப்படிக் கேக்கறது!"

அந்த நேரம் பார்த்து ஒரு லேடீஸ் சைக்கிள் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. நர்சம்மா இறங்கி ஸ்டாண்டு போட்டாள்.

"இன்னா ராஜம்மா, தெரு முனை வரைக்கும் கேக்குது. ரத்தக் கொதிப்பு மாத்திரை முழுங்கினியா இல்லியா?"

"வாங்க நர்சம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க!" ராஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்கக் கேட்க நர்சம்மாவின் புருவம் மேலே போய்க்கொண்டிருந்தது. பார்வை மட்டும் ஆதிமூலத்தின் மேல் இருந்தது. ஆதிமூலம் கையில் கிடைத்த டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, அதில் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓ, பையனுக்கு நிச்சயமா?" என்றாள் நர்சம்மா. "எனக்கும் சொல்லவே இல்லியே."

"யாருக்குமே சொல்லல! நீங்க ஊரு ஊராப் போறீங்க, வூடு வூடா நுழையறீங்க. ஜோன்னு ஆரம்பிக்கற பேருல தடியா ஒரு பொண்ணு எங்கயாச்சும் இருக்குதா?"

நர்சம்மா யோசிப்பது போல மோவாயில் விரலை வைத்தாள். "இருக்கா ஒருத்தி. நானே பாத்திருக்கேன்."

டியூப் கைநழுவித் தொட்டிக்குள் போயிற்று.

"எப்படி இருப்பா?"

"தடிதான். வயசும் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஐயையோ! ஜாஸ்தின்னா?"

"உங்க அர்ஜுனனை வுட மூத்தவ. ஆனா வேலைக்குப் போறவ. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அப்ப அதை முளையிலயே கிள்ளிடணும்" என்றாள் ராஜம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னிக்கு மோதிரம் வாங்கப் போறியோ அன்னிக்கு நானும் வருவேண்ணா. பத்தரையே நேருக்கு நேரா கேட்டுடறேன்." சொல்லிவிட்டு, அண்ணன் கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறப் போனாள்.

இருவரும் தனியானார்கள். நர்சம்மா இப்போது சிரிக்கவில்லை.

"என் பேரைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்குதா?"

"ஐயோ, இல்லீங்க நர்சம்மா."

"பின்னே?"

ஆதிமூலம் ஈரக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்களைச் சொல்ல வெக்கமில்ல. என்னைச் சொல்லத்தான் வெக்கம். இந்த வயசுல இவனுக்குக் கல்யாணம் கேக்குதான்னு சிரிப்பாங்க. நான் இந்தத் தெருவுலயே உக்காந்திருக்கணும். காத்தடிக்க வரவன்லாம் சிரிச்சிட்டுப் போவான்."

"சிரிச்சா இன்னா? நான் போடற ஊசியை விடவா வலிக்கும்?" அவள் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். "மோதிரம் கைக்கு வரட்டும். அதுக்குள்ள வாயைத் தொறந்தா நிச்சயம். இல்லாட்டி வேற கடையில காத்தடிச்சுக்கறேன்."

அவள் மிரட்டலுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று மார்கழி முழுக்க ஆதிமூலத்துக்குப் புரியவில்லை. காலையில் பெருமாள் கோயில் பொங்கல் தொன்னையோடு மகன் முன்னால் உட்காருவார். "அர்ஜுனா" என்பார். "இன்னாப்பா?" என்பான். "மிளகு கம்மியா இருக்குதில்ல?" என்று முடிப்பார். அந்த மார்கழியில் மிளகைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசியதுபோல வேறெந்த வீட்டிலும் பேசியிருக்க மாட்டார்கள். நர்சம்மா கடை வழியாகப் போனாள், வந்தாள், இறங்கவில்லை. செயின் கழன்று விழாதபடி அவரே முன்னொரு நாள் ஒழுங்காக இறுக்கிக் கொடுத்திருந்தார். இப்போது அதற்காக வருத்தப்பட்டார்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், மோதிரம் தயார் என்று பத்தர் சொல்லியனுப்பினார். ராஜம்மாளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அர்ஜுனன் லீவு போட்டுவிட்டு, "நான் கட்டிக்கப் போற பொண்ணோட மோதிரத்தையாச்சும் பாக்கலாமேன்னு" என்று சொல்லிக்கொண்டு கூடவே கிளம்பினான். போகும் வழியெல்லாம் ஆதிமூலம் பேச நினைத்தார். போகும் வழியெல்லாம் ராஜம்மாள் பேசினாள்.

பத்தர் குடும்பமாக வந்தவர்களைப் பார்த்ததும் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். பிறகு சிவப்புக் காகிதத்தைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

ஆதிமூலம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மோதிரத்தின் தலையில் ஒரு ரோஜாப்பூ விரிந்திருந்தது. இதழ் ஒவ்வொன்றும் பூனை நகம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் சிவப்புக் கல் ஜொலித்தது. வளையமோ, பத்தாவது படிக்கும் பிள்ளையின் விரலுக்குத்தான் சேரும்.

"எப்படி?" என்றார் பத்தர். "நீ சைக்கிள் கடைக்காரன், உனக்கு நகையைப் பத்தி இன்னா தெரியும், நாமதான் பாத்துச் செய்யணும்னு நானே கல்லு வெச்சிட்டேன். அளவையும் கொறச்சிட்டேன்."

"இன்னாது?"

"அந்தப் பிளாஸ்திரி அளவு தப்புய்யா. எந்தப் பொண்ணுக்கு அவ்ளோ மொத்தமா விரல் இருக்கும்? அது விரலா, வெண்டைக்கா... வெண்டைக்காகூட இல்ல, முருங்கைக் கட்டை!"

ராஜம்மாள் 'களுக்'கென்று சிரித்தாள்.

ஆதிமூலம் எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டுப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. வாடகைக்கு எடுத்த சைக்கிளைக் குளத்தில் போட்டுவிட்டு வந்தவனைக்கூட 'ஈரமா இருக்குதே, துடைச்சுக்கப்பா' என்று சொன்னவர் அவர். இப்போது கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரைக் கேட்டுக் கொறச்சே?"

"இல்லய்யா..."

"யாரைக் கேட்டுய்யா கொறச்சே? அந்த விரலு எனக்குத் தெரியாதா? அந்தக் கையி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? முருங்கைக் கட்டையாமே! அந்தக் கையி இல்லாங்காட்டி இந்தச் சுத்துப்பட்டுல பாதிப் பேரு பொறந்திருக்கவே மாட்டான்! கல்லு வேணாம்னு சொன்னேனா இல்லியா? குழந்தை ஒடம்புல கீறினா நீயா பதில் சொல்லுவே?"

கலர் பாட்டிலோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எந்தக் கையிப்பா?" என்று அர்ஜுனன் மெதுவாகக் கேட்டான்.

ஆதிமூலத்துக்கு அப்போதுதான் தான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. திரும்பிப் போக வழியில்லை. ஆச்சரியமாக, திரும்பிப் போக ஆசையும் இல்லை.

"நர்சம்மா கை. அவங்க பேரு ஜோதியம்மாள். மோதிரம் அவங்களுக்கு. நிச்சயம் எனக்கு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத்தான்" என்றார் மறுபடியும், கண்ணாடி முன்னால் பழகிய அதே தொனியில்.

முதலில் ராஜம்மாளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்படின்னா அர்ஜுனனுக்கு இல்லியா? அப்பாடா! நான்கூட பயந்தே..." வாக்கியத்தின் பாதியில் வெளிச்சம் அணைந்தது. "இரு. இன்னா சொன்னே? உனக்கா?" என்றாள். "நர்சம்மாவா? நம்ம நர்சம்மாவா? 'வயசு கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு என் கண்ணைப் பாத்துச் சொன்னாளே, அந்த நர்சம்மாவா?" அவள் பத்தரின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிமூலம் அவளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்ஜுனன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று ஆதிமூலம் பதறிப்போனார். அவன் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்தது.

"அப்பா, ஒரு மாசமா ஊரே என்னைக் குஸ்திக்காரி புருஷன்னு கூப்புடுது. நீங்க ரேடியோவைத் திருகிகினு இருந்தீங்க!"

"தப்புதான்டா."

"தப்புதான்." சிரிப்பு அடங்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அடங்கியதும் குரல் மாறியது. "நான் வேலை வுட்டு வரப்போ நீங்க தனியா உக்காந்து ரேடியோவுக்குப் பதில் சொல்லிகினு இருப்பீங்க. செய்தி வாசிக்கிறவங்க 'வணக்கம்'னு சொன்னா நீங்களும் 'வணக்கம்'னு சொல்லுவீங்க. வாசல்ல நின்னு கேட்டிருக்கேன்பா. எனக்கு அது புடிக்கல." பத்தர் பக்கம் திரும்பினான். "பத்தரே, கல்லை எடுத்துடுங்க. அளவைப் பழையபடி பெருசாக்குங்க."

"அந்தப் பிளாஸ்திரியைத் தூக்கிப் போட்டுட்டேனேப்பா" என்றார் பத்தர் பரிதாபமாக.

"அப்ப ஆளையே கூட்டிகினு வரேன்" என்றார் ஆதிமூலம்.

அன்று செவ்வாய்க்கிழமை. நர்சம்மா சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருப்பாள். ஆதிமூலம் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறையத் தாய்மார்கள். இடுப்புக்கு ஒன்றாகக் குழந்தைகள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "நர்சம்மா, கொஞ்சம் கடைத்தெரு வரைக்கும் வரணும். நம்ம நிச்சயத்துக்கு மோதிர அளவு பாக்கறதுக்கு."

ஒரு குழந்தை தவிர எல்லாரும் அமைதியானார்கள். நர்சம்மா தராசிலிருந்த பிள்ளையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு பேருக்குப் பாத்துட்டு வரேன். அப்படி உக்காருங்க" என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அடுத்த குழந்தையைத் தராசில் தலைகீழாகப் படுக்க வைத்துவிட்டு, அதன் தாய் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

இருவரும் ஆளுக்கொரு சைக்கிளை உருட்டிக்கொண்டு தேரடித் தெருவில் பட்டப்பகலில் நடந்து வந்தார்கள். யார் யார் பார்க்கிறார்கள் என்று ஆதிமூலம் முதலில் கணக்கெடுத்தார். பாதித் தெரு வருவதற்குள் அதை விட்டுவிட்டார்.

பத்தர் எழுந்து நின்று கும்பிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளும் நர்சம்மா கையில் பிறந்தவர்கள். அவள் விரலை நீட்டியதும் அளவெடுத்தார். அளவெடுத்துவிட்டுத் தலைகுனிந்தார். "பிளாஸ்திரி சரியாத்தாம்மா இருந்திருக்குது."

மூலையில் உட்கார்ந்திருந்த ராஜம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாய் நீளம்னு சொன்னியே, அது ஒண்ணுதான் உண்மை" என்றாள் சுவரைப் பார்த்து.

"எல்லாமே உண்மைதான் ராஜம்மா. நீ ஊரு பேரு கேக்கல, நான் சொல்லல."

"எங்கண்ணன் ராத்திரியில மோர் ஊத்தினா தும்முவாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சொல்லு."

ராஜம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணனுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை விடுவார் என்று விலாவாரியாகச் சொன்னாள். நர்சம்மா ஒரு நோயாளியின் வரலாற்றைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆதிமூலம் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

நாலு நாள் கழித்து மோதிரம் வந்தது. கல் இல்லை, பூ இல்லை. வெறும் உருட்டு வளையம், கெட்டியாக. நர்சம்மா அதை வாங்கி நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். திருப்தி இல்லை. "கன்னத்தைக் காட்டுங்க" என்றாள் பத்தரிடம். பத்தர் காட்டினார். மோதிரத்தை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். கோடு விழுந்தது.

"இன்னும் பாலிஷ் பண்ணணும்."

மறுநாள் பத்தர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு கன்னத்தோடு காத்திருந்தார். அன்று கோடு விழவில்லை.

நிச்சயம் தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நடந்தது. தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ராஜம்மாள் ஒற்றைக்காலில் நின்று, அடி அண்ணாமலையிலேயே பந்தல் போட வைத்தாள். செங்கத்திலிருந்து நர்சம்மாவின் தம்பி வெற்றிலைத் தட்டோடு வந்தான். கூப்பிட்டது நாலு பேரை. வந்தது நானூறு பேர் இருக்கும். நர்சம்மா பிறக்க வைத்தவர்கள், பிறந்தவர்களைப் பெற்றவர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் என்று பந்தல் கொள்ளவில்லை.

மோதிரம் போடும் நேரம் வந்தது. ஆதிமூலம் எந்த விரல் என்று தெரியாமல் நடுவிரலுக்குக் கொண்டு போனார். "பக்கத்து வூட்டுக்குப் போறீங்க" என்றாள் நர்சம்மா, எல்லாருக்கும் கேட்கும்படியாக.

பந்தலே சிரித்தது. அவர் எந்தச் சிரிப்புக்கு இத்தனை நாள் பயந்தாரோ அதே சிரிப்பு. முன்வரிசையில் பத்தர் தொடையில் தட்டிச் சிரித்தார். அர்ஜுனன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆதிமூலம் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முகத்திலும் விஷமம் இல்லை. இதற்காகவா ஒரு மார்கழி முழுக்க மிளகைப் பற்றிப் பேசினோம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சரியான விரலில் மோதிரத்தைத் தள்ளினார். ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

பந்தி போட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து சமையல்காரர் கையைப் பிசைந்தார். சாம்பாரில் வெந்நீர் ஊற்றச் சொல்லி ராஜம்மாள் கத்தினாள். ஆதிமூலம் பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கி, "சாதம், சாதம்" என்று வரிசையில் இறங்கிவிட்டார். ராஜம்மாள் ஓடி வந்து வாளியைப் பிடுங்கினாள்.

"மாப்பிள்ளை எங்கயாச்சும் பரிமாறுவாங்களா? போய் உக்காரு!"

உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஜோதியம்மாள் ஏற்கெனவே பாதி சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"மதியம் ஊசி போட வேண்டிய வூடு நாலு இருக்குது" என்றாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "சீக்கிரம் சாப்பிடுங்க, நீங்களும் வாங்க."